மங்கில் பூத்த மஞ்சள் செவ்வந்தி

என் நாற்றுப்பண்ணை வாசலில் ஒரு மங்கு இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டுவோமே, அந்தக் கோப்பைதான். விளிம்பு உடைந்தது, அடியில் ஓட்டை, உள்ளே ஒரு மஞ்சள் செவ்வந்தி. மலேசியாவில், இந்த ஈப்போ நகரத்தில் என் செடி இல்லாத பெரிய வீடு குறைவு. லாரி லாரியாய் ஏற்றி அனுப்புகிறேன். ஆனாலும் வருகிறவர்களை முதலில் இந்த மங்கின் முன்னால்தான் நிறுத்துவேன். அதை வைத்தவள் என் வீட்டுக்காரி.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். காம்பார் பக்கத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் வேலை. என் கை பட்ட ஒட்டு பிடிக்காமல் போனதில்லை. அந்தக் காலத்தில் எங்களை மேய்த்த மண்டோர்களைக் கேட்டால் சொல்வார்கள், உயிரோடு இருந்தால். எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து சாலையோரம் செடி விற்க உட்கார்ந்தோம். அங்கேதான் வீடு கட்டி விற்கும் ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, வந்தார். அவருடைய புது பங்களா முற்றம் சீனப் பெருநாளுக்குப் பூத்துக் கிடக்க வேண்டும். மனசுக்குப் பிடித்தால், அவர் கட்டுகிற தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டு வாசலுக்கும் என் செடிதான்.

பெருநாளுக்கு நாலைந்து மாதம் இருந்தது. தபாலில் கன்று அனுப்பும் ஒரு கம்பெனியின் வண்ணப் புத்தகம் கைக்கு வந்தது. அதில் ரத்தச் சிவப்பில் செவ்வந்தி. சிவப்பென்றால் சீனர்களுக்கு உயிர். உடனே ஆர்டர் போட்டேன். வீட்டுக்காரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, தாய்ச்செடிய பாத்தீங்களா?"

"அதான் படத்துல இருக்கே லா!"

"ரப்பருக்கு மட்டும் தாய்மரத்தப் பாக்காம ஒட்டு வெட்ட மாட்டீங்க. பூவுக்குப் படம் போதுமா?"

விதையையும் அவள் நம்ப மாட்டாள். "என்ன நெறத்துல பொறக்குமோ, யாரு கண்டா" என்பாள். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மஞ்சள் செவ்வந்தியின் நுனியைக் கிள்ளிக் கிள்ளி, பழைய மங்குகளில் நட்டு, கொல்லை முழுக்க அடுக்கினாள். "சாமிக்கு ஆகும்" என்றாள். நான் சிரித்தேன்.

தபால் கன்றுகளும் என் கையில் செழிப்பாகவே வளர்ந்தன. பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மொட்டு விரிந்தது. அத்தனையும் வெள்ளை. வெள்ளைச் செவ்வந்தி சீனர்களுக்குச் சாவு வீட்டுப் பூ. அதைப் பெருநாள் வாசலில் வைத்தால் தாமான் வேலை போகும். என் பெயரும் சேர்ந்து போகும். கையில் பூவாளியோடு அப்படியே நின்றேன். நான் அப்படி நிற்கிற ஆள் இல்லை.

"நின்னது போதும், வண்டியக் கூப்புடுங்க" என்றாள். கொல்லையில் மங்குக்கு மங்கு மஞ்சள், தங்கத்தைக் கொட்டினது மாதிரி.

பங்களா முற்றத்தில் அடுக்கும்போது, உடைந்த மங்குகளைப் பார்த்துத் தவுக்கே துரத்திவிடுவாரோ என்று பயந்தேன். அவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். அரைத் தமிழ், அரை மலாய் அவருக்கு. "மங்கு லா, தம்பி! நானும் ரப்பர் வித்துதான் ஆளானேன். சந்தெக், சந்தெக்!" அழகு, அழகு என்று சொல்கிறார். தாமான் என் கைக்கு வந்தது.

வெள்ளைச் செடிகளைக் குப்பையில் போடப் போனவனையும் அவள்தான் தடுத்தாள். "சாவு வீட்டுக்காரங்க மட்டும் காசு குடுக்க மாட்டாங்களா?" சவப்பெட்டிக் கடைத் தெருவுக்குக் கொண்டுபோய், வெறுங்கூடையோடு திரும்பினாள்.

போன வருஷம் அவள் போய்விட்டாள். தவுக்கேயின் மகன் பெரிய வெள்ளைச் செவ்வந்தி வளையத்தோடு வந்தார். மரியாதை தெரிந்த பிள்ளை. நான் வாசலுக்குப் போய், மங்கிலிருந்த மஞ்சளைக் கிள்ளிவந்து அவள் கொண்டையில் வைத்தேன்.

இப்போது என் மகன் கைப்பேசியில் படம் பார்த்து வெளிநாட்டுச் செடி வரவழைக்கிறான். வரட்டும், எதையும் விற்க எனக்குத் தெரியும். மங்குச் செடி கிழடு தட்டும்போது மட்டும் வேலையாட்களை விட மாட்டேன். நானே நுனி கிள்ளி, அதே மங்கில் நடுவேன். பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்ன நிறத்தில் பூக்கும் என்று எனக்குத் தெரியும்.