மசாலா தடவாத மீன்

சமைக்கிறது ஒரு குத்தமா? இல்லதான். ஆனா நான் பின்கதவச் சாத்திக்கிட்டுத்தான் சமைப்பேன். மலேசியாவுல ரந்தாவ்ல, எங்க தாமான்ல, வீடு வரிசையா ஒட்டிக் கட்டுன குடியிருப்புல, பின்சந்து அவ்வளவு குறுகல். எதுத்த வீட்டுல கரண்டி விழுந்தா எங்க வீட்டுல கேக்கும். யாராச்சும் எட்டிப் பாத்து, 'என்னண்ணே, அக்கா இல்லையா, நீங்க கரண்டி புடிக்கிறீங்க?'ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டா என் மானம் அன்னைக்கே கப்பலேறிடும்னு நெனச்சேன். பொக பூரா வீட்டுக்குள்ளயே சுத்தும். கண்ணு எரிய, இருமிக்கிட்டே சமைப்பேன். வீராப்பு பாருங்க!

சிரம்பான் போற வழியில ஒரு கையுறை ஃபேக்டரியில இருவத்தி ரெண்டு வருசம் ஸ்டோர்ல கணக்கு எழுதற கிராணியா இருந்தேன். ஒருநாள் கேன்டீனுக்குக் கூப்புட்டு, ஆளக் கொறைக்கிறோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அம்பது வயசுல வேற எவன் வேல குடுப்பான்? வீட்டுல உக்காந்தேன். என் வீட்டுக்காரிக்கு வேல இருந்துச்சு. எலக்ட்ரானிக் ஃபேக்டரியில காலைல ஏழுலேருந்து சாயந்தரம் ஏழு வரைக்கும் நின்னுக்கிட்டே செய்ற வேல. கம்பெனி பஸ்ஸு அவளச் சந்திப்புல எறக்கி விடும்போது ஏழே முக்கால் ஆயிடும். மகன் போர்டிக்சன்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறான். ஆக, வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்.

மொத ரெண்டு மாசம் அவ வந்துதான் சமைச்சா. நான் டிவி பாத்துக்கிட்டு, "இன்னும் ஆகலையா?"ன்னு அதட்டுவேன். இதையும் சொல்லித்தான் ஆகணும், மறைச்சு என்ன ஆகப்போகுது? ஒருநாள் தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போனா, கொழம்பு கொதிச்சுக்கிட்டிருக்கு, இவ ஒரு கையால சொவத்தப் புடிச்சிக்கிட்டுக் கண்ண மூடி நிக்கிறா. நின்னுக்கிட்டே தூங்குறா. "நீ தள்ளு, நாளைலேருந்து நான் பாத்துக்கறேன்"னு கோவமா சொன்னேன். எனக்குப் பாசம் வந்தாலும் கோவமாத்தான் வரும்.

சொல்லிட்டேனே தவிர, கொழம்பு வைக்க எனக்கு எங்க தெரியும்? புளியக் கரைச்சா தண்ணியாப் போகுது, மசாலா அடி புடிக்குது. கடைசில ஃபோன்ல ஒரு வீடியோ பாத்தேன். மீன மசாலா இல்லாமலே சட்டியில வாட்டி, பக்கத்துல கொஞ்சமா ஒரு சாஸ் ஊத்தி வைக்கிறான். இது ஆகும்னு தோணுச்சு.

பசாரு மார்க்கெட்டுல ஒரு சியாக்காப் மீன, கொடுவான்னு சொல்லுவோமே அத வாங்கி, முள்ளெடுத்து ரெண்டு பக்கமும் தோலோட வெட்டித் தரச் சொல்லுவேன். எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம். வீட்டுக்கு வந்து துணியால ஒத்தி ஒத்தி ஈரத்த எடுப்பேன். ஈரம் இருந்தா தோலு சட்டியில ஒட்டிக்கும். உப்பு மட்டும் தடவி, இரும்புச் சட்டி நல்லாக் காஞ்சதும் தோல் பக்கம் கீழ இருக்கற மாதிரி போடணும். போட்டதும் மீனு வளையப் பாக்கும், கரண்டியால ஒரு அமுக்கு. அப்புறம் தொடவே கூடாது. கை சும்மா இருக்காத ஆளு நான். மொத வாரம் கிண்டிக் கிண்டி மீனப் புட்டு ஆக்கிட்டேன். தோலு முறுகினா மீனு தானா சட்டிய விட்டுடும்னு தெரிய எனக்கு அஞ்சு மீனு செலவாச்சு. திருப்பிப் போட்டு அர நிமிசம், எடுத்துடணும். அதே சட்டியில பட்டரு, தட்டுன பூண்டு, காரமா ஒரு சிலி பாடி ஊசி மொளகா, நாலு சொட்டு கிச்சாப்பு சோயா சாஸு, எறக்குனதும் லீமாவ் எலுமிச்ச புழியணும். அவ்வளவுதான் சாஸு. தோலு மேல ஊத்தக்கூடாது, நமுத்துடும்.

அவ குளிச்சிட்டு ஈரத் தலையோட வந்து உக்காந்து, தோல மொதல்ல பிச்சி வாயில போடுவா. மொறுக்குனு ஒரு சத்தம் வரும். "ம்ம்"ம்பா. அந்த 'ம்ம்'முக்காக நான் மத்தியானத்துலேருந்து காத்துக்கிட்டிருப்பேன், உண்மையச் சொன்னா. ஒருநாள், "கல்யாணம் ஆனதுலேருந்து உக்காந்து சுடச்சுடத் திங்கிறது இப்பதாங்க"ன்னா. நான், "சரி சரி, தின்னு. வெளிய யாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரியாத"ன்னேன். "நான் ஏன் சொல்லப் போறேன்?"னா.

அவ சொல்லல. நான்தான் பொய்யா அடுக்கினேன். பசார்ல மீன் விக்கிற மலாய்க்காரம்மா, பொண்டாட்டி எங்க, தெனமும் நீங்களே வர்றீங்களேன்னு கேட்டுச்சு. அவளுக்கு ஒடம்பு சரியில்லன்னேன். அடுத்த வாரமும் கேட்டுச்சு. கால் வலின்னேன். பன்னெண்டு மணி நேரம் நின்னு சம்பாதிக்கிறவள நாலு மாசமா பசார்ல நோயாளி ஆக்கி வச்சிருந்தேன்.

அன்னைக்குப் புதன்கிழம. அவ வந்து குளிக்கப் போனா. நான் மீன வாட்டித் தட்டுல எடுத்து வச்சு, சாஸையும் முடிச்சு அடுப்ப அணைச்சேன். வாசல்ல மோட்டார் சத்தம். அவளோட அண்ணன்.

மச்சான் பக்கத்து எஸ்டேட்ல ஆளுங்கள வேல வாங்குற மண்டோரு. அப்பா எடத்துல நின்னு தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வச்சவரு. வாய்தான் நீளம், மனசு வெள்ள. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பொண்ணு குடுத்த வீட்டு ஆளு மாப்பிள்ளைய மொகத்துக்கு நேரா ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. மாப்பிள்ள வீட்டுல எந்தக் கொற கண்டாலும் தன் வீட்டுப் பொண்ணத்தான் திட்டுவாரு. கூடத்துல தூசி கெடந்தா அவளுக்குத் திட்டு, மாப்பிள்ள எளச்சிருந்தா அவளுக்குத் திட்டு. மாப்பிள்ளைக்கு இது ஒரு சொகம். இருவது வருசமா நானும் நோகாம அனுபவிச்ச சொகம்தான்.

நான் அவசர அவசரமா கையத் தொடச்சிக்கிட்டு முன்னாடி வந்து, "வாங்க மச்சான்"னேன். எஸ்டேட் கோயில் திருவிழா நோட்டீஸக் குடுக்க வந்திருந்தாரு. காப்புக் கட்ட இன்னும் மூணு வாரம் கெடந்துச்சு, அதனால மீனுக்குத் தடையில்ல. மூக்க உறிஞ்சி, "மீன் வாசன தூக்குதே மாப்பிள்ள!"ன்னாரு. அந்த நேரம் பாத்து அவ தலையத் தொவட்டிக்கிட்டு வந்தா. "என்னம்மா, இப்பதான் வந்தியா? அதுக்குள்ள சமைச்சிட்டியே, கெட்டிக்காரி!"ன்னாரு.

அவ என்னப் பாத்தா. நான் டிவியப் பாத்தேன்.

"சாப்புடுங்கண்ணே"ன்னு உள்ள போனா. வந்தவருக்கும் வீட்டு ஆம்பளைக்கும் மொதல்ல போடணும், அது எங்க வீட்டுல எழுதாத சட்டம். இருந்தது ரெண்டே ரெண்டு துண்டு. அவரு தட்டுல ஒண்ணு, என் தட்டுல ஒண்ணு. என் தட்டுல விழுந்தது அவ துண்டா என் துண்டான்னு நான் யோசிக்கக்கூட இல்ல. அவ தண்ணிச் சொம்ப வச்சிக்கிட்டுப் பக்கத்துல நின்னா.

மச்சான் ஒரு வாய் வச்சாரு. மீனத் திருப்பிப் பாத்தாரு. இன்னொரு வாய் வச்சாரு.

"என்னம்மா இது? மஞ்சளு இல்ல, மொளகாத்தூளு இல்ல, புளி இல்ல. புள்ள பெத்தவளுக்குப் பத்தியம் போடற மாதிரில்ல இருக்கு! ஒரு மசாலா தடவக்கூடவா ஒனக்கு நேரமில்ல?"

அவ சொம்பச் சாய்ச்சு என் கிளாஸுல தண்ணி ஊத்தினா.

"மாப்பிள்ள பாவம், எதப் போட்டாலும் தின்னுட்டுப் போயிடுவாரு. அதுக்காக இப்படியா? வேல போயி மனசு ஒடஞ்சி உக்காந்திருக்கற மனுசன். இப்பதான் வாய்க்கு ருசியா ஆக்கிப் போடணும். நம்ம வீட்டுல ஒனக்கு இப்படியா சொல்லிக் குடுத்தாங்க?"

நான் வாயத் தொறந்தேன். சத்தியமா சொல்லத்தான் தொறந்தேன். 'மச்சான், நான்தான் சமைச்சேன்', மூணே வார்த்த. ஆனா வெளிய வந்தது வேற.

"விடுங்க மச்சான். அவளும் பாவம், பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றா. நான் ஒண்ணும் சொல்றதில்ல."

"பாத்தியா! தங்கமான மனுசன்லா! நீ குடுத்து வச்சவ!"ன்னாரு மச்சான்.

இத எழுதும்போது எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு. பொய் சொன்னதுகூடப் பெருசில்ல. பெருந்தன்மையா மன்னிச்சேன் பாருங்க, நான் செஞ்ச மீனுக்கு அவள! அதுக்கு நல்ல பேரு வேற வாங்கிக்கிட்டேன்.

"சரிண்ணே. இனிமே பாத்துச் செய்றேன்"னா அவ.

மச்சான் பாதி மீன அப்படியே வச்சிட்டு, கை கழுவிட்டுப் போயிட்டாரு. அந்த மிச்சத்த அவ பூனைக்குப் போட்டா. அதே சட்டிய அடுப்புல வச்சு, ஒரு முட்டைய ஒடச்சு ஊத்தித் தின்னா. சண்ட போடுவா, அழுவான்னு பாத்தேன், ஒண்ணுமில்ல. "ஏதாச்சும் பேசேன்"னேன். "என்ன பேசறது?"ன்னு தட்டக் கழுவி வச்சா.

மறுநாள் விடிகாலையில புளி வாசன அடிச்சு முழிச்சேன். மணி நாலற. அவ மீன் கொழம்பு வச்சு, ஃப்ரீஸர்ல கெடந்த நாலு சின்ன மீனுக்கு மஞ்சளும் மொளகாத்தூளும் தடவிப் பொரிச்சிக்கிட்டிருக்கா. "ரெண்டு வேளைக்கும் ஆச்சுங்க. சூடு பண்ணிக்குங்க, அடுப்புப் பக்கம் நீங்க வர வேணாம்"னா.

எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. "எவன் ஒன்னச் செய்யச் சொன்னான்?"னு கத்தினேன். வெக்கத்த மறைக்கக் கோவத்த விட்டா எனக்கு வேற போர்வ கெடையாது.

"எங்கண்ணன் கேட்டாருல்ல"ன்னா. குரல்ல கோவமே இல்ல. பையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா.

பத்து நாளு இப்படியே போச்சு. நாலு மணிக்கு எழுந்திரிக்கிறது, சமைக்கிறது, ஏழே முக்காலுக்கு வர்றது. காலு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் எறங்கல. பத்தாவது நாளு, சாப்பாட்டுல கைய வச்சபடியே உக்காந்து தூங்கிட்டா. வெரல்ல சோறு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான் ஈரத் துணியால அந்தக் கையத் தொடச்சி விட்டேன். முழிச்சு, "நேரமாச்சா? எழுந்திரிக்கணுமா?"ன்னு பதறினா. அப்ப முடிவு பண்ணேன்.

ஞாயித்துக்கெழம அவளக் கூட்டிக்கிட்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். எதுக்குன்னு அவகிட்டச் சொல்லல. சொல்லிட்டா நடுவழியில பின்வாங்கிடுவேனோன்னு எனக்கே பயம். மச்சான் பொண்டாட்டி எல்லாருக்கும் டீ குடுத்தாங்க. நான் கிளாஸ வாங்குனதுமே ஆரம்பிச்சேன், விட்டா வராதுன்னு.

"மச்சான், அன்னைக்கு நீங்க சாப்ட்ட மீனு நான் சமைச்சது. அதுக்கு முன்னாடி நாலு மாசமா நான்தான் சமைச்சேன். அவளுக்கு வச்சிருந்த துண்டத்தான் நீங்க தின்னீங்க. திட்டு எனக்கு வந்திருக்கணும். வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

மச்சான் என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. அப்புறம் தொடையில தட்டிக்கிட்டுச் சிரிச்சாரு பாருங்க! "ஐயையோ மாப்பிள்ள! நீங்களா! அந்தப் பத்திய மீனா! இத அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லாருக்குன்னு ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்னிருப்பேனே!" அவரு பொண்டாட்டியும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வர்ற மாதிரி இருந்துச்சு. இவ்வளவுதானா, இதுக்கா நாலு மாசம் கதவச் சாத்தினோம்னு இருந்துச்சு.

மச்சான் கண்ணத் தொடச்சிக்கிட்டே தங்கச்சி பக்கம் திரும்புனாரு.

"ஏம்மா, அந்தத் திட்டுத் திட்டுறேன், மரம் மாதிரி நின்னியே. நீயாச்சும் அப்பவே சொல்லக்கூடாதா?"

அவ டீய ஒரு மொடக்குக் குடிச்சா.

"அவரே சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே நின்னேண்ணே"ன்னா.

மச்சான் சிரிப்ப நிறுத்திட்டாரு.