வீடு கிடந்த கிடை

நோர்பரியில் கோசிகாவைக் கண்டால் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள். அவள் தமிழ்க் கடையில் மாம்பழம் பொறுக்கிக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் ஒரு தாய், தள்ளுவண்டிலில் இருக்கும் பிள்ளையின் காதுக்குள் குசுகுசுப்பாள்.

"அந்தா பார், கவுன்சில் அன்ரி. வாயைத் திற."

பிள்ளை வாயைத் திறக்கும். வாழைப்பழம் உள்ளே போகும். பயம் தெளியட்டும் என்று கோசிகா பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் சிரித்ததும் பிள்ளை இன்னும் பயந்து, கேட்காமலே இன்னொரு வாய் வாங்கும்.

கோசிகா நகரசபை மாதிரியான ஒரு கவுன்சிலில் வழக்கறிஞர், சொலிசிட்டர். பிள்ளைகள் பாதுகாப்புப் பகுதி. ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து என்று சோஷல் வேர்க்கர்மார் நினைத்தால், அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்லுகிற வேலை அவளுடையது. பதின்மூன்று வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் தூக்கிக்கொண்டு போனதில்லை. தூக்கக்கூடிய உடம்பும் இல்லை. ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. வழக்குக் கோப்புகளையே சில்லுப் பூட்டின பையில் போட்டுத்தான் இழுத்துக்கொண்டு திரிவாள். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். சனத்துக்கு விளங்கின ஒரே விஷயம், அவள் கவுன்சில் என்பதுதான்.

கோவிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"பிள்ளை, எங்கட குப்பை மூண்டு கிழமையா எடுக்கேல்லை."

"அது வேற பகுதி, அங்கிள். அதோட உங்கட கவுன்சிலும் வேற."

"எல்லாம் கவுன்சில்தானே பிள்ளை. சொல்லிவிடுமன்."

கோசிகா கண்ணைத் திறக்காமலே தலையாட்டுவாள். தலையாட்டினால் விட்டுவிடுவார்கள் என்பதை அனுபவத்தில் கண்டிருந்தாள்.

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை சோஷல் வேர்க்கர் ஹெலனின் றிப்போட் அவளுடைய மேசைக்கு வந்தது.

விஷயம் இதுதான். விதுஷா என்றொரு பிள்ளை. ஏழு வயது. தாய் மனநோயால் நீண்டகாலமாக வைத்தியசாலையில். தகப்பன் போன இடம் தெரியாது. ஐந்து மாதமாகப் பிள்ளை தாயின் தமக்கை தவநாயகியின் வீட்டில் தற்காலிகமாக இருந்தது. இனிப் பதினெட்டு வயது வரும்மட்டும் பெரியம்மாவோடேயே இருக்கலாமா, அல்லது கென்ட் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போகவேண்டுமா? வெள்ளிக்கிழமை நீதிபதி முடிவு சொல்வார். பிள்ளையைக் கென்ட்டுக்கு அனுப்பலாம் என்று ஹெலன் எழுதியிருந்தாள்.

ஹெலன் கெட்டவள் இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதுகிறவள். அதுதான் வில்லங்கம்.

மூன்று தரம் போனேன் என்று எழுதியிருந்தாள். மூன்று தரமும் வீடு ஆஸ்பத்திரி மாதிரித் துப்புரவாகக் கிடந்தது. ஒரு விளையாட்டுச் சாமான் இல்லை. இங்கே ஒரு பிள்ளை வாழ்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை. தவநாயகி ஒருதரமும் கதிரையில் இருக்கவில்லை. வடையோடும் தேத்தண்ணியோடும் நடந்தபடியே இருந்தார். பிள்ளை எப்போதாவது குழப்படி செய்யுமா என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்றார். பிள்ளையோ பட்டுப்பாவாடையோடு சோபாச் செற்றியின் நுனியில் இருந்தது. சாய்ந்து இரு என்றேன். "இது சபாரத்தினம் மாமாவின் செற்றி. நீங்கள் போனதும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்" என்றது. யார் இந்தச் சபாரத்தினம் என்று கேட்டபோது தவநாயகி சிரித்துவிட்டு இன்னொரு வடை தந்தார். இந்த ஆண் குடும்பத்தின் தளபாடங்களைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறாரோ என்ற கவலை எனக்கு உண்டு.

கோசிகாவுக்குக் குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. மேசையைத் துடைத்து, மூக்கைத் துடைத்து, இன்னொருதரம் வாசித்தாள். இரண்டாந்தரம் சிரிப்பு வரவில்லை. இந்த நாலு பக்கத்தை நம்பித்தான் நீதிபதி பிள்ளையைக் கென்ட்டுக்கு அனுப்பப்போகிறார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோசிகா சின்னப்பிள்ளையாக இருந்தபோது, வீட்டு உரிமையாளர் பார்க்க வருகிறார் என்று அம்மா வீட்டிலிருந்த சாமான் முழுவதையும் குளிக்கும் தொட்டிக்குள் அடைத்து, கதவைப் பூட்டி, குளியலறை பழுது என்று அந்த மனிசனிடம் சொன்னவ. மனிசன் உரிமையாளர் அல்லவா, சரி திருத்துவோம் என்று கதவைத் திறந்தார். முதலில் வந்து விழுந்தது தையல் மெஷின்.

ஆனால் அவள் கவுன்சிலின் வழக்கறிஞர். தவநாயகிக்குத் தனி வழக்கறிஞர் இருந்தார். அவரைத் தாண்டித் தவநாயகியோடு ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. எங்கட ஆக்கள் இப்படித்தான் ஐயா என்று நீதிமன்றத்தில் எழும்பிச் சாட்சி சொல்லவும் ஏலாது. அவள் செய்யக்கூடியது ஒன்றுதான். ஹெலனைக் கூப்பிட்டாள்.

"போகமுதல் அறிவித்தீர்களா, ஹெலன்?"

"மூன்று தரமும். ஒரு கிழமைக்கு முன்னமே. மரியாதைக்கு."

"உங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் என்ன செய்வீர்கள்?"

"கொஞ்சம் தூசி தட்டுவேன்."

"நாங்கள் வீட்டையே மாற்றிவிடுவோம்."

ஹெலன் யோசித்தாள். "நான் வருகிறேன் என்பதற்காக ஒரு செற்றியை மூன்று தரம் தூக்கி வந்தார்களா?"

"ஆறு தரம். திரும்பக் கொண்டுபோக வேண்டாமா?"

"அப்படியென்றால் சபாரத்தினம்?"

"எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துப் போங்கள். அறிவிக்காமல்."

"போய், அப்போதும் வீடு அப்படியே இருந்தால்?"

"நீங்கள் எழுதினதையே வெள்ளிக்கிழமை நான் வாதாடுவேன்" என்றாள் கோசிகா. சொல்லிவிட்டாள், ஆனால் அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஒரு சொல் வெளியே போனால், அது தமிழ்க் கடையால் சுற்றித் தவநாயகி வீட்டுக்குப் பத்து நிமிஷத்தில் போய்ச் சேரும்; செற்றி நாலாந்தரமும் வந்து இறங்கும். கடைக்குப் போகாமல் பாணும் முட்டையுமாகச் சமாளித்தாள். செவ்வாய்க்கிழமை அம்மா போன் எடுத்தா.

"குரல் ஒருமாதிரிக் கிடக்கு. என்ன மறைக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அம்மா."

"ஆரையும் விரும்புறியோ?"

"அம்மா! எனக்குக் கலியாணம் முடிஞ்சு பன்னிரண்டு வருஷம்."

"அதுதான் கேக்கிறன்."

புதன்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு ஹெலன் கோசிகாவின் கந்தோர் அறைக்கு வந்தாள். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை. தலைமயிரில் ஒரு பொம்மையின் சப்பாத்து செருகிக்கிடந்தது. கதிரையில் விழுந்து, முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று கோசிகா பதறிப்போனாள். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள்.

கதவைத் திறந்தது விதுஷாவாம். பள்ளிக்கூடச் சட்டை, பைஜாமாக் காற்சட்டை, பாதி முகத்தில் புலி மாதிரிக் கோடு. குசினியிலிருந்து மா படிந்த கையோடு வந்த தவநாயகி ஹெலனைக் கண்டதும் போட்ட கூச்சலில் புகை அலாரமே அடித்ததோ என்று நினைத்தாளாம். அடுத்த நிமிஷம் தவநாயகி முன்னறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"டென் மினிற்! ஒன்லி டென் மினிற்!"

பத்து நிமிஷம் கொடுக்க ஹெலனுக்கு மனம் இருந்தது. ஆனால் விதுஷா அவளுடைய கையைப் பிடித்து, பெரியம்மாவின் கைக்குக் கீழால் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே செற்றி இல்லை. இரண்டு மெத்தையை நிமிர்த்தி, மேலே தவநாயகியின் சேலையைப் போர்த்து, ஒரு கோட்டை. கோட்டைக்குள் பொம்மைகளுக்கு ஆஸ்பத்திரி. சுவர் முழுக்கக் கீறின படங்கள். ஹெலனைப் படுக்கவைத்து வைத்தியம் பார்த்தார்கள். வருத்தம் என்னவென்று பெரிய டொக்டர் தவநாயகியிடம் சின்ன டொக்டர் கேட்க, வெட்கத்தில் சுருங்கிப்போயிருந்த அந்த மனிசி தன்னை மறந்து, "காய்ச்சல், ஊசி போடு" என்று சொல்லிவிட்டார்.

"முந்தி மூன்று தரமும் அவர் ஓரிடத்தில் இருக்கவே இல்லை, கோசிகா. இன்றைக்கு நிலத்தில் இருந்தார். இருந்ததும் பிள்ளை கேட்டுக் கேள்வியில்லாமல் மடியில் ஏறிற்று. ஏறி, அவரின் காதைப் பிடித்துக்கொண்டுதான் என்னோடு கதைத்தது."

"சபாரத்தினம்?"

ஹெலனுக்குத் திரும்பவும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு யன்னலால் அவளுடைய காரைக் கண்ட எழுபத்தொன்பது வயது மனிதர், மருமகனை மற்றத் தலைப்பில் பிடிக்கவைத்து, செற்றியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வாசலுக்கு வந்துவிட்டாராம். பிந்தி வந்ததற்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டாராம்.

இரவோடிரவாக இல்லாமல், அடுத்த நாள் பகலில் நிதானமாக இருந்து ஹெலன் புது றிப்போட் எழுதினாள். கண்டதைக் கண்டபடி.

வெள்ளிக்கிழமை நீதிமன்ற விறாந்தையில் தவநாயகி கோசிகாவைப் பார்த்த பார்வையில் சுவர் பொசுங்கியிருக்கும். கோசிகாவோடு கதைக்கக்கூடாது என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். ஆகவே தவநாயகி மேலே கிடந்த லைற்றோடு கதைத்தார்.

"சில ஆக்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் அனுப்பினம். வீடு கிடந்த கிடையில வந்து நிண்டா என்ன மாதிரி இருக்கும்? என்ர மானம் போச்சு."

கோசிகா கோப்பைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனதும் கோசிகா எழும்பி, கவுன்சில் தன் முடிவை மாற்றிவிட்டது, பிள்ளை பெரியம்மாவோடு இருப்பதையே கேட்கிறோம் என்றாள். நீதிபதி புது றிப்போட்டை உரத்து வாசிக்கத் தொடங்கினார். தவநாயகிக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் டினேஷ், வழுக்கைத் தலையைச் சாய்த்து வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

"சுவரில் புட்டு ஒட்டியிருந்தது" என்று வந்தபோது தவநாயகி அவரின் கையைப் பிடித்தார்.

"அதைச் சொல்லாதையும், தம்பி."

டினேஷ் சத்தியம் செய்துவிட்டு இருக்கிற மனிதர். கேட்டதெல்லாம் மொழிபெயர்த்தே ஆகவேண்டும். எழும்பினார். "அதைச் சொல்ல வேண்டாம் என்கிறார், ஐயா."

"எதை?" என்றார் நீதிபதி.

"புட்டை."

நீதிபதி மேலே வாசித்தார். அதே சுவரில் ஐந்து கால் மிருகம் ஒன்றின் படம் கீறியிருந்தது என்ற இடத்தில் தவநாயகிக்குப் பொறுக்கவில்லை. எழும்பிவிட்டார்.

"ஐயா, அது அண்டைக்கு மட்டும்தான். என்ர வீடு எப்பவும் அப்பிடிக் கிடக்காது. முந்தி மூண்டுதரம் வந்து பாத்தவைதானே, அந்த மாதிரித்தான் எப்பவும் இருக்கும்!"

டினேஷ் மொழிபெயர்த்து முடித்தார். தவநாயகியின் வழக்கறிஞர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அதாவது, பழைய றிப்போட்தான் உண்மை என்கிறீர்களா?"

தவநாயகி ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் பிள்ளை கென்ட்டுக்குப் போகும். கோசிகா சட்டென்று எழும்பினாள்.

"ஒரு கேள்வி கேட்க அனுமதிப்பீர்களா?"

நீதிபதி தலையாட்டினார்.

"சுவரில் அந்த ஐந்து கால் மிருகத்தைக் கீறினது யார்? விதுஷாவா?"

டினேஷ் தமிழில் சொன்னார். தவநாயகியின் முகம் மாறிப்போனது. வீட்டின் மானம் ஒருபக்கம், பிள்ளை ஒருபக்கம். அதிகம் யோசிக்கவில்லை.

"ஐயோ, பிள்ளையில பழி போடாதேங்கோ. அது நான் கீறின மாடு. அது ஐஞ்சாவது கால் இல்லை, வால்."

"எப்போது கீறினீர்கள்?" என்றாள் கோசிகா.

"எப்ப எண்டு சொல்லுறது... ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால வந்து அவ ஒண்டு கீறுவா, நான் ஒண்டு கீறுவன். ஆக்கள் வாற அண்டைக்கு ரெண்டு பேருமா இருந்து தேய்ச்சு அழிப்பம்." குரல் இறங்கியது. "கையெல்லாம் நோகும், ஐயா."

நீதிபதி கனநேரம் எழுதினார். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். பிறகு நிமிர்ந்து, பதினெட்டு வயதுமட்டும் பிள்ளை பெரியம்மாவோடு இருக்கும் என்றார். டினேஷ் அதை மொழிபெயர்க்கமுதலே தவநாயகி அவரின் தோளில் சாய்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

வழக்கு முடிந்தது, இனிக் கதைக்கலாம். விறாந்தையில் தவநாயகி வந்து கோசிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நீர்தான் உதவி செய்ய வேணும். அந்தத் தீர்ப்பில வீட்டைப் பற்றி எழுதினதை எடுக்க ஏலுமே?"

"ஏலாது, அன்ரி."

"முழுக்க வேண்டாம். புட்டை மட்டும்."

"ஏலாது."

"அது அவவின்ர பதினெட்டு வயதுமட்டும் அதில கிடக்குமே?"

"அதுக்குப் பிறகும் கிடக்கும்."

"கடவுளே! நாளைக்கு அவ படிச்சு ஆளாகி, அதை எடுத்து வாசிச்சா என்னைப் பற்றி என்ன நினைப்பா?"

தவநாயகியின் கண் சுவர் மணிக்கூட்டில் பட்டது. மூன்றாக இன்னும் பத்து நிமிஷம்.

"ஐயையோ, பள்ளிக்கூடம் விடப்போகுது. பிள்ளை வாசல்ல பாத்துக்கொண்டு நிக்கும். நான் வாறன்."

லிப்ட் வரும்வரை நிற்கவில்லை. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியால் ஓடினார்.