இத்தாலிக்காரர்களின் ஆகஸ்ட் லீவு

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனி ஒன்றில் எப்சியும் அவள் ஓரகத்தி கிரேஸியும் தையல் மெஷினில் வேலை பார்த்தார்கள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். யூனிட்தான் வேறு. எப்சி தைத்த ஷூ அமெரிக்காவுக்குப் போனது, கிரேஸி தைத்தது இத்தாலிக்கு. எப்சியின் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

ஜூலை நாலு அமெரிக்காவின் சுதந்திர தினம். அவர்கள் ஆபீஸைப் பூட்டிவிட்டுக் கொண்டாடப் போவதற்குள் சரக்கை அனுப்ப வேண்டும் என்று எப்சியின் யூனிட்டில் ஜூன் முழுக்க ஓவர்டைம். நம் சுதந்திர தினத்துக்கும் அவளுக்கு விடிவில்லை. கொடியேற்றி, லட்டு கொடுத்து, கையோடு மெஷினில் உட்கார வைத்துவிடுவார்கள். கிரேஸிக்கோ ஆகஸ்ட் வந்தால் யோகம்.

"இத்தாலில பதினஞ்சாந்தேதி மாதா பண்டிகையாம்க்கா. அதையொட்டி ஊரே மூடிடுமாம். அங்க ஆளே இல்ல, அதனால எங்களுக்கும் லீவு" என்றாள் கிரேஸி, பூரிப்போடு.

மாதாவை வணங்காத சி.எஸ்.ஐ. சபையைத் தவிர வேறு கோயில் வாசலை மிதிக்காதவளுக்கு மாதா பேரில் லீவு! எப்சிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

1999 ஆகஸ்டில் கிரேஸி தன் பிள்ளைகளை அமிர்தி அருவிக்கு அழைத்துப் போனபோது எப்சியின் மகள் கெசியாவையும் கூட்டிப் போனாள். ஈரத் தலையோடு திரும்பிய கெசியா, "சித்தி எனக்கு மான் காட்டுச்சு. நீ ஏம்மா எங்கியும் வர மாட்டேன்ற?" என்றாள்.

அந்தக் கேள்வி எப்சியை அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷம் சூப்பர்வைசர் ராமலிங்கத்திடம் போய் யூனிட் மாற்றிக் கேட்டாள்.

"இன்னாம்மா, அங்கேர்ந்து ஒருத்தர் இங்க வந்தாதானே உன்ன அனுப்ப முடியும்?"

"கிரேஸி வர்றா சார். கேட்டுட்டேன்."

கேட்கவே இல்லை. உத்தரவு வந்த அன்று கிரேஸி பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் பேச்சு வார்த்தை இல்லை.

ஆகஸ்டில் எப்சிக்கு லீவு கிடைத்தது. கெசியாவோடு அமிர்திக்குப் போனாள். அருவியில் தண்ணீர் இல்லை. பாறையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். செப்டம்பர் பிறந்தும் லீவு முடியவில்லை. இத்தாலி ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்று யூனிட்டையே மூடினார்கள். தினமும் காலையில் டிபன் டப்பாவோடு பஸ் ஏறும் கிரேஸியை எப்சி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்து கிரேஸியே பேசினாள். "நூல் வெட்ற வேலதான் காலி இருக்கு. வர்றியாக்கா?"

எப்சி போனாள். இரண்டு வருஷத்தில் கிரேஸி அந்த லைனுக்கே சூப்பர்வைசர் ஆனாள். மறுபடி ஜூன், மறுபடி ஓவர்டைம். கெசியா முதன்முதலாகத் திருவிருந்து எடுக்கும் திடப்படுத்தல் ஆராதனை சபையில் வந்தது. எப்சி கத்தரியைக் கையில் பிடித்தபடியே ஓரகத்தியின் முன்னால் போய் நின்று லீவு கேட்டாள்.

"போய்ட்டு வாக்கா" என்றாள் கிரேஸி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

இவளால் இவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடிகிறதே என்றுதான் எப்சிக்கு வயிறு எரிந்தது.