பூட்டச் சொன்ன அந்நியர்

எண்பதுகளில் ஜாலான் புசாரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஜூரோங் கிடங்கில் இருந்த கணினியைத் தொலைபேசி இணைப்பு வழியாக என் மேசையிலிருந்தே இயக்குவேன். அலுவலகத்தில் தமிழ் பேச எனக்கு யாரும் கிடையாது.

ஒரு மதியம் என் திரையில் ஆங்கில எழுத்துகளில் தமிழ் வந்தது.

"தப்பான நம்பருக்கு டயல் பண்ணிட்டேன். உங்க கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேக்காமலே உள்ள விட்டுருச்சு. உள்ள உங்க பேரு தெரிஞ்சுது, தமிழ்ப் பேரு, அதான் தமிழ்ல சொல்றேன். யார் வேணும்னாலும் எல்லாத்தையும் அழிச்சிடலாம். உடனே பூட்டிடுங்க."

"நீங்க யாரு?" என்று தட்டினேன்.

"நானும் ஆபரேட்டர்தான். தேக்கா மார்க்கெட் பக்கத்துல ஆபீஸ்."

வேலை, சாப்பாடு, மழை என்று பேச்சு நீண்டது. விடைபெறும் நேரத்தில், "பூட்டிட்டா நீங்க மறுபடி வர முடியாதே" என்றேன்.

அவர் பதில் திரையில் வந்தது.

"அதுக்குத்தானே பூட்டச் சொல்றேன் லா."

இணைப்பு அறுந்தது. அன்றே பாஸ்வேர்டு போட்டேன். அதன்பின் அந்நியர் எவரும் உள்ளே வரவில்லை.

இப்போதும் தேக்காவில் சாப்பிடும்போது பக்கத்து மேசைப் பேச்சைக் கவனிக்கிறேன். அவர் குரலை நான் கேட்டதே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வரும்.