வேப்பிலை கசந்த காலை

பாம்புக்கு நான் பயந்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இப்போதே காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்திருப்பீர்கள். கீழே இறக்கி வையுங்கள், ஒன்றும் ஆகாது.

எங்கள் வீடு குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே பிரிகிற மண்ரோட்டில் இருக்கிறது. முன்னால் ஹைவே, பின்னால் கரடு என்கிற மொட்டைக் குன்று, நடுவில் நாங்கள். கம்பெனிகள் வந்த பிறகு அக்கம்பக்கத்து நிலமெல்லாம் பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். கல் நட்டவர்கள் யாரும் வீடு கட்ட வரவில்லை, புதர்தான் வந்தது. புதர் வந்தால் எலி வரும், எலி வந்தால் அதைத் தின்ன வேண்டியதும் வரும். மிச்சமிருந்த நிலத்தில் நாங்கள் கொஞ்சம் ராகி போட்டுக்கொண்டு, ரோட்டோரமாக வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். தர்மபுரி, தென்காசி, ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். கரண்ட் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பாம்பு வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அலறுவார்கள்.

நல்ல பாம்பு என்றால் எனக்குக் கவலையே கிடையாது. படத்தை விரித்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று காட்டிவிடும். ஒருமுறை பொதுக் குளியலறையில் பக்கெட்டுக்குப் பின்னால் நின்றது. குளிக்கப் போன ஒடிசாக்காரர் கட்டிய துண்டோடு ஹைவே வரைக்கும் ஓடிவிட்டார். நான் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் சாக்கைத் திணித்து, பாம்பு பிடிக்கிறவருக்குப் போன் போட்டுவிட்டு, அவர் வருவதற்குள் களி கிண்டி இறக்கிவிட்டேன். அவரைப் பட்டினியோடு அனுப்ப முடியுமா?

கண்ணாடி விரியன் வேறு ரகம். விசில் அடிப்பதற்கு முன்னால் குக்கர் புஸ்ஸென்று இழுக்குமே, அந்தச் சத்தம் போடும். துவைக்கிற கல்லுக்கு அடியில் அது சுருண்டு கிடந்த அன்றைக்கு, அடுப்பை அணைக்க மறந்துவிட்டேனோ என்று ஒரு கணம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. துணியை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து வந்தேன். ஓடவில்லை. இந்த வயதில் எனக்கு ஓட்டமும் வராது.

வாசலில் கழற்றி வைக்கிற சேஃப்டி ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை விடக்கூடாது என்பது என் வீட்டுச் சட்டம். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். அந்த வளாகத்தில் என் சட்டத்தை மதிக்காத ஆள் ஒரே ஒருவர்தான். அவர் என் வீட்டுக்காரர்.

அவர் என் அம்மாவின் தம்பி. அக்கா மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அதனால் இன்றைக்கும் மாமா என்றுதான் கூப்பிடுவேன், நீ வா போ என்றுதான் பேசுவேன். நான் பாவாடை சட்டை போட்ட காலத்தில் ஆரம்பித்த சண்டை எங்களுடையது. கல்யாணம் அதற்கு நடுவில் நடந்த ஒரு விசேஷம், அவ்வளவுதான். சண்டைக்கு ஒரு முறை உண்டு. நான் ஆரம்பிப்பேன், அவர் முடிப்பார். நான் மூச்சுவிடாமல் பேசித் தீர்த்த பிறகு, கண்ணை நேராக என் முகத்தில் வைத்து ஒரே பேச்சில் என் வாயை அடைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். பதில் சொல்லாமல் அவர் விட்ட சண்டை என்று ஒன்றுகூடக் கிடையாது.

கொஞ்ச காலமாகச் சண்டை ராகித் தாளை, அதாவது ராகி வைக்கோலைப் பற்றியது. அறுவடை முடிந்ததும் மாட்டுத் தீவனத்துக்காகத் தாளைப் போராக அடுக்கிவைப்போம். அந்தப் போர் வாடகை அறைகளுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகையை ஒட்டி நின்றது. சிந்தின ராகிக்கு எலி வந்து உள்ளே குடும்பமே நடத்துகிறது, எலி இருந்தால் அதைத் தேடிப் பாம்பும் வரும், நிலத்தின் கோடிக்குத் தள்ளி அடுக்கு என்றேன். அப்படித் தள்ளி அடுக்கினால் தினமும் நாலு எட்டு கூட நடக்க வேண்டுமாம்! ராஜாவுக்குக் கால் வலிக்குமாம்! சரி, கோலால் தட்டிவிட்டாவது தாளை உருவு என்று போரிலேயே ஒரு கோலைச் செருகி வைத்தேன். அந்தக் கோலில் அவர் ஈரத்துண்டைக் காயப் போட்டார்.

மாம்பழ சீசன். முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் நான் பால் கறந்துகொண்டிருந்தேன். மாமா இடதுகை விரலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"தாள உருவசொல்ல முள்ளு மாதிரி என்னாவோ குத்துச்சி. வாலு மட்டும் தெரிஞ்சது. சாரைக் குட்டியா இருக்கும், வுடு."

விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, வலியும் இல்லை என்றார். பால் வாங்க வந்திருந்த எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஓடிப்போய் ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து வந்தார். இங்கே பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பூச்சி தொட்டுவிட்டது என்பார்கள். தொட்டவுடன் வேப்பிலையை மெல்லக் கொடுப்பார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை, இனித்தால் ஏறிவிட்டது. எந்த சாதி, எந்த பாஷை என்றாலும் எங்கள் பக்கத்தில் இதை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி நம்புவார்கள்.

மாமா ஒரு வாய் மென்று, முகத்தைச் சுளித்துத் துப்பினார். "தூ! என்னா கசப்பு!"

"சேதுந்தி கதா, இங்கேம் பயம்" என்றார் எதிர்வீட்டுக்காரர். கசக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்று அர்த்தம். சுற்றி நின்ற குடித்தனக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் நிறுத்திவைத்திருந்த பல்விளக்கலைத் தொடர்ந்தார். எனக்கும் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபம் வந்தது.

கோபத்தை உடனே காட்ட நேரமில்லை, பால் ஊற்ற வேண்டியிருந்தது. அவர் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். களியை உருட்டித் தட்டில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"ஏ மாமா, அந்தக் கோல எதுக்கு வெச்சேன் நானு? உன் துண்டு காயவா? தலதலையா அடிச்சிகினேனே, கேட்டியா நீ? அது சாரையா இருந்துச்சி, பொழச்ச. வேற எதுனா இருந்தா? நாளைக்கே அந்தப் போரு அந்தாண்ட போவணும், சொல்லிட்டேன்!"

பதில் இல்லை.

எனக்கு இன்னும் ஏறியது. மதிக்கவே மாட்டேன் என்கிறாரே! இன்னும் உரக்க, அவர் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினேன். அவர் அம்மா எனக்கும் பாட்டிதான், அது வேறு விஷயம். அப்படித் திட்டினால் கட்டாயம் ஏதாவது கொடுப்பார். அன்றைக்கு அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசு மாமா. வாயில என்னா?"

வாயில் களிதான் இருந்தது. விழுங்க முடியாமல் வைத்திருந்தார். என்னைப் பார்க்க முயன்றபோது நெற்றியெல்லாம் சுருங்கி மேலே போனது, கண்ணிமைகள் மட்டும் வரவில்லை. பாதிக் கண்ணில் அப்படியே நின்றன.

"தூக்கமா வருது" என்றார். அதுவும் குழறியது.

கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். இந்த வயதில் ஓட்டம் வராது என்றேன் அல்லவா, வந்தது. எங்கள் கடைசி அறையில் குடியிருந்த தென்காசிக்காரர் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டினார். அப்போதுதான் வண்டியைக் கிளப்பியிருந்தார். குறுக்கே போய் நின்றேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரரும் வந்துவிட்டார். அவர் நல்ல மனிதர், பதறாதேம்மா என்று கையைப் பிடித்தார். வேப்பிலைதான் கசந்ததே, அசதியாக இருக்கும், படுக்க வை என்றார்.

"கசந்தா கசக்கட்டும்ணா! இந்த மனுசன் எங்கிட்ட இத்தினி வாங்கிக்கினு சும்மா ஒக்காந்துனு இருக்கறாரு. இதவிட வேற என்னா வேணும் உங்களுக்கு?"

எதிர்வீட்டுக்காரர் மாமாவின் முகத்தை ஒருதரம் குனிந்து பார்த்தார். அவரே ஒரு பக்கம் தோள் கொடுத்து மாமாவை வேனில் ஏற்றினார்.

"யக்கா, நீங்க அவரப் பிடிச்சுக்கோங்க, ரோட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்றார் தென்காசிக்காரர்.

கிருஷ்ணகிரிக்குப் போகிற ரோட்டில் அன்றைக்கு நின்ற மாங்காய் டிராக்டர்களை நான் மறக்க மாட்டேன். மாங்கூழ் எடுக்கிற பல்ப் ஃபேக்டரிக்குப் போகிற லோடு, ஒன்றன் பின் ஒன்றாக. ஓட்டுகிறவர்கள் இறங்கி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தென்காசிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மண்ணில் இறக்கி, கல்லில் ஏற்றி ஓட்டினார். மாமாவின் தலை என் தோளில் கிடந்தது. கழுத்து நிற்கவில்லை. நான் திட்டிக்கொண்டே வந்தேன். தாளைச் சொல்லித் திட்டினேன், துண்டைச் சொல்லித் திட்டினேன், கல்யாணத்தன்று பந்தியில் என்னை விட்டுவிட்டு முதலில் சாப்பிட்டதைச் சொல்லித் திட்டினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லட்டும் என்று. அவர் மூச்சு மட்டும் சின்னச் சின்னதாக என் கழுத்தில் பட்டது.

பயந்தேன். பாம்புக்கு இல்லை. இனிமேல் என்னை எதிர்த்துப் பேச வீட்டில் ஆள் இருக்காதே என்று பயந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இமையைத் தூக்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், கட்டுவிரியன். கடித்த இடம் வீங்காது, பெரிதாக வலிக்காது, ஆனால் நரம்பைப் பிடித்து மூச்சை நிறுத்தும் என்றார். மளமளவென்று மருந்து ஏற்றினார்கள். மூச்சு நின்றுபோகாமல் இருக்கத் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போட்டார்கள். வேப்பிலை கசந்ததே என்று நான் கேட்டதற்கு, அந்த அவசரத்திலும் நின்று பதில் சொன்னார்.

"வேப்பிலை எல்லாருக்கும் கசக்கும்மா. விஷம் ஏறினவங்களுக்கும் கசக்கும்."

அப்புறம் காத்திருந்ததுதான். வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தேன், எழுந்தேன். உள்ளே விடுகிற நேரத்தில் போய் நின்று பார்த்தேன். மெஷின்தான் அவருக்காக மூச்சுவிட்டது. குடித்தனக்காரர்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள், மாட்டையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்து, தென்காசிக்காரரைப் போனில் பேசவிட்டார்கள்.

"யக்கா, அந்தப் போரக் கொளுத்திரலாமா?"

நான் ஆசைப்பட்டது அதுதானே? ஆனாலும் வாய் வரவில்லை.

"வேணாம் தம்பி. அவரு வரட்டும். நான் எடுக்கச் சொல்லணும், அவரு முடியாதுன்னு சொல்லணும். அதுக்கப்புறம் பாக்கலாம்."

குழாயை எடுத்த அன்றைக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வழியெல்லாம் நல்லதாக நாலு வார்த்தை யோசித்துக்கொண்டுதான் போனேன். சாமிக்கு வேண்டிக்கொண்டதைச் சொல்லலாம், எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். கட்டிலருகே போய் நின்றதும் வாய் தன் வழக்கத்துக்குப் போய்விட்டது.

"வூட்டுக்கு வந்ததும் மொத வேலையா அந்தப் போரு அந்தாண்ட போவுது மாமா. இனிமே உன் பேச்செல்லாம் செல்லாது."

இமைகள் உயர்ந்தன. மெதுவாக, முழுசாக. கண்ணை நேராக என் முகத்தில் கொண்டுவந்து வைத்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது, குரல் கரகரவென்று வந்தது.

"போரு அங்கதான் இருக்கும். நீ வேணா நவுந்துக்கோ."

விட்டேனா நான்? அந்த அறையில் எத்தனை கட்டில், எத்தனை நோயாளி எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, தொண்டை கிழியக் கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஏம்மா, இப்பதான் செத்துப் பொழைச்சு வந்திருக்காரு. அவர்கிட்ட போயி சண்டை போடறீங்களே!"

"பதில் சொல்றாரு பாருங்க சிஸ்டர்" என்றேன்.