என் தங்கை ஆர்லீனும் தீவன ஆலைப் பேய் வீடும்

என் தங்கை ஆர்லீன் இடிக்குப் பயப்படுவாள். பல் வைத்தியரிடம் போக வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே சாப்பாடு இறங்காது. ஆற்றுப் பாலத்தில் கார் ஓட்டமாட்டாள். அக்கரைக்குப் போக வேண்டுமானால் தெற்கே நெடுந்தூரம் ஓட்டிப்போய், படகில் காரை ஏற்றித்தான் ஆற்றைக் கடப்பாள். அப்படிச் சுற்றிக்கொண்டு எதற்குப் போவாள் என்றால், அக்கரையில் ஒரு சோளக்காட்டில் அக்டோபர் மாதம், காசு கொடுத்து வருகிறவர்களை வேஷம் போட்டுப் பயமுறுத்துகிற பேய் வீடு போடுகிறார்கள். அங்கே ரம்பத்தோடு துரத்துகிற ஆள் நன்றாகத் துரத்துகிறானாம்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? நான் தரைக்கு ஓடு பதிக்கிறவன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஒரு தரையின் மேல் ரசமட்டத்தை வைத்தால், தரை சமமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது. ஆர்லீன் விஷயத்தில் அந்தக் குமிழி ஒருநாளும் ஒரு இடத்தில் நின்றதில்லை.

இதெல்லாம் ஆரம்பித்து வைத்தது எங்கள் ஊர் மெதடிஸ்ட் தேவாலயத்தின் நிலவறை. ஹாலோவீன் என்கிற பேய்ப் பண்டிகைக்கு அங்கே பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, பிணத்தின் கண் என்று உரித்த திராட்சையையும், குடல் என்று ஆறிப்போன நூடுல்ஸையும் தொட வைப்பார்கள். ஆர்லீன் அப்போது ஒன்றாம் வகுப்பு. நூடுல்ஸில் கை பட்டதும் அவள் போட்ட சத்தத்தில் பாதிரியாரின் மனைவி பதறிப்போய் விளக்கைப் போட்டுவிட்டார். அம்மாவிடம் எனக்கு அடி நிச்சயம் என்று நினைத்துக்கொண்டே அவளை வெளியே தூக்கி வந்தேன். மூக்கு ஒழுக ஒழுக அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வெர்லின், இன்னொரு தடவ போலாமா?"

அவளுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறாள். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அவள் கையால் பீன்ஸ் வாங்கித் தின்றவர்கள்தான். அக்டோபர் பிறந்தால் மட்டும் அவளை வீட்டில் பார்க்க முடியாது. மூன்று மாவட்டத்தில் எந்தப் பேய் வீட்டு வரிசையில் நின்றாலும் அவளுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். எங்கே போகலாம், எதை விட்டுவிடலாம் என்று அவளைத்தான் கேட்பார்கள். "அங்கயா? ரத்தம் ஜாஸ்தி, பொறுமை கம்மி. போகாதீங்க" என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். அவள் உள்ளே நுழைந்து முதல் தடவை கத்தியதுமே, சுவருக்குப் பின்னால் வேஷம் போட்டு நிற்கிறவர்கள், "ஆர்லீன் வந்துட்டா, ஆர்லீன் வந்துட்டா" என்று அறைக்கு அறை சொல்லி அனுப்புவார்களாம். என் தங்கைக்கு அப்படி ஒரு பெயர். ஓடு பதிக்கப் போகிற வீடுகளில் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. காபியை வாங்கிக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் ஊர்ப் பேய் வீட்டை நடத்துவது தீயணைப்புத் தொண்டர்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய தீவன ஆலையில்தான் போடுவார்கள். எல்லாம் டெல்பர்ட் யோக்கம் என்பவர் பொறுப்பு. இந்த வருஷம் ஆர்லீன் அவரிடம் போய், தனக்கு ஒரு வேஷம் வேண்டும் என்று கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

"உனக்கு எதுக்கு வேஷம்? நீ உள்ள போய்க் கத்தினாலே போதும். வெளிய வரிசையில நிக்கிறவன் பாதிப் பேர் அதக் கேட்டே நடுங்கறான்" என்றார் டெல்பர்ட்.

"கத்தறதுக்கு ஆளா இல்ல? ஒரே ஒரு வருஷம் நான் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கணும்."

"பயப்படறவங்களால பயமுறுத்த முடியாதும்மா. எத்தன வருஷமா பாக்கறேன்."

"பயப்படாதவங்களுக்கு எது பயம்னு எப்படித் தெரியும், டெல்பர்ட்?"

 கடைசியில் இப்படி முடிவாயிற்று. திறப்பு விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம், வேஷம் போடுகிறவர்களின் குடும்பங்களை மட்டும் உள்ளே விட்டு ஒத்திகை பார்ப்பது வழக்கம். அன்றைக்கு ஆர்லீனின் அறையில் ஒரே ஒரு ஆள் அலறினாலும் போதும், அந்த அறை மாதம் முழுக்க அவளுக்கு. யாரும் அலறாவிட்டால் அவள் கார் நிறுத்துகிற புல்வெளியில் டார்ச் விளக்கோடு நிற்க வேண்டும்.

அவளுக்குக் கிடைத்தது சமையலறை. செத்துப்போன சமையல்காரி வேஷம். ஒத்திகைக்கு முன் ஒருநாள் அவள் பழகுவதைப் பார்க்கப் போனேன். சாமான் அலமாரிக்குள் ஒளிந்திருந்து, வெள்ளை முகமும் கறுத்த உதடுமாகப் பாய்ந்து வந்தாள். பார்க்கப் பயங்கரமாகத்தான் இருந்தது. வந்தவள் அடுத்த நொடியே, "பாத்து, பாத்து, அங்க பலகை தூக்கிட்டிருக்கு" என்றாள்.

டெல்பர்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேய் எதுக்கும்மா வழி சொல்லுது?"

"தடுக்கி விழுந்துட்டாங்கன்னா?"

பலகையைப் போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் ஒரு தரைப்பலகை ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. கால் வைத்தால் கீச்சென்று கத்தியது. சரி, இதுதான் அவளைக் கெடுக்கிறது, இது இல்லாவிட்டால் அவள் எச்சரிக்க வேண்டியிருக்காது என்று எனக்குத் தோன்றியது. புதன்கிழமை வேலை முடிந்ததும் ஆலைக்குப் போனேன். மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கையசைத்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. பலகையைத் திருகாணி போட்டு இறுக்கினேன். ஓரத்தை இழைத்தேன். சத்தம் அடங்க இடுக்கில் முகப்பவுடரைத் தூவினேன். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், குமிழி நட்டநடுவில் நின்றது. பூட்ஸ் காலோடு அதன்மேல் குதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. அவளிடம் சொல்லவில்லை. தானாகத் தெரிந்துகொண்டு சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், பார்த்து முடித்தவர்கள் வெளியே வருகிற பின்வாசலில் நின்றேன். முன்வாசல் வழியாகக் குடும்பம் குடும்பமாக உள்ளே போனார்கள். ரம்பம் வைத்திருந்தவனின் அறையிலிருந்து அலறல் வந்தது. கல்லறை அறையிலிருந்து வந்தது. சமையலறைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. தபால் நிலையத்தில் வேலை பார்க்கிற அம்மாள் வெளியே வரும்போது தன் கணவனிடம், "அந்தச் சமையலறை எதுக்கு? வெறும் அடுப்புதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டெல்பர்ட் பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"உன் தங்கச்சி உள்ள தூங்கிட்டாளா?"

"ஏன், அவ வெளிய வரவே இல்லையா?"

"கீச்சுனு கேட்டாத்தான வருவா? அலமாரிக்குள்ள இருந்து அவளுக்கு என்ன தெரியும்? ஆள் அடுப்புக்கிட்ட வந்தா அந்தப் பலகை கத்தும், அதக் கேட்டுட்டுக் குதிக்கணும். இங்க ஒவ்வொரு அறைக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. நேத்து வரைக்கும் ஊருக்கே கேக்கற மாதிரி கத்துச்சு, இன்னிக்கு அதுக்கு என்ன வந்துதோ."

"அத நான் சரிபண்ணிட்டேன்."

டெல்பர்ட் என்னையே பார்த்தார். "வெர்லின், பேய் வீட்டுக்குள்ள போயி ரிப்பேர் வேல பாத்தியா?"

"இப்பவே போய் அவகிட்டச் சொல்லிடறேன்."

"இந்தப் பக்கமா நுழையாத, எவனாவது இருட்டுல உன்மேல மோதிடுவான். கடைசிக் குடும்பம் இப்பத்தான் போகுது. அவங்க பின்னாடியே முன்வாசல் வழியா போ."

அப்படித்தான் நான் முதல் தடவையாக ஒரு பேய் வீட்டுக்குள் போனேன். உள்ளே இருட்டு. மெஷின் விட்ட புகை இனிப்பாக நாறியது. எங்கெங்கிருந்தோ என்னென்னவோ என்மேல் பாய்ந்தன. ஒவ்வொன்றிடமும், "சரி சரி, ஆர்லீனப் பாக்கணும்" என்றேன். சவப்பெட்டியிலிருந்து எழுந்த பிணம் ஒன்று, "நேராப் போயி எடது பக்கம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

நான் சமையலறைக்கு வரும்போது முன்னால் போனவர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள். பலகையில் கால் வைத்தேன். சத்தமே இல்லை. அந்த நேரத்திலும் வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று ஒரு திருப்தி வந்தது. அலமாரிக் கதவில் தட்டி, "ஆர்லீன், பலகைய நான் இறுக்கிட்டேன்" என்றேன். பதில் இல்லை. திறந்து பார்த்தேன், உள்ளே யாரும் இல்லை.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில், மிகவும் அன்பாக ஒரு குரல் கேட்டது. "இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போடட்டுமா, கண்ணு?"

அதற்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது. அது என் தொண்டையிலிருந்து வந்தது என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். பலகை ஏன் கத்தவில்லை என்று பார்க்க ஆர்லீன் வெளியே வந்திருக்கிறாள். காலடிச் சத்தம் கேட்டதும் அடுப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டு, நான் முதுகைத் திருப்பியதும் எழுந்து வந்திருக்கிறாள். அடுத்த அறை அலறலில் என் குரல் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவசரத்தில் பேய்க்குரல் வரவில்லை, தினமும் பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரல்தான் வந்தது.

டெல்பர்ட் விளக்கோடு ஓடி வந்தார். "ஏம்ப்பா, நடிச்சியா?"

ஆர்லீன் என் முன்னால் மண்டியிட்டாள். அந்தச் செத்த முகத்தில் கண் மட்டும் அவளுடையதாக இருந்தது. "உண்மையச் சொல்லு, வெர்லின். எனக்காகத்தான கத்துன?"

வாசலில் நிற்கும்போது, உள்ளே போய் அவளுக்காக ஒரு கத்து கத்திவிடலாமா என்று நான் யோசித்தது உண்மை. ஆமாம் என்றால் அவள் அந்த அறையை வாங்கிக்கொள்ள மாட்டாள். இல்லை என்று நிச்சயமாகச் சொல்லவும் என்னால் முடியவில்லை.

"தெரியலடி" என்றேன்.

டெல்பர்ட் விளக்கை என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன. "ஓடு பதிக்கிறவன் கை இப்படி ஆடினா ஊர்ல ஒரு தரை நேரா இருக்காது. இது நடிப்பு இல்ல. அறை உனக்குத்தான், ஆர்லீன்" என்றார்.

வெள்ளியும் சனியும் அவள் அதே பீன்ஸ் குரலைத்தான் வைத்துக்கொண்டாள். பெரிய பெரிய ஆம்பிளைகள், சின்ன வயதில் அவள் கையால் தின்றவர்கள், கத்திக்கொண்டே வெளியே ஓடி வந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்களிடம், "அது என் தங்கச்சி" என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், தட்டில் இருந்த கோழியைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ரெண்டு நாளா என்னை ஒருத்தரும் பயமுறுத்தல."

"நீதான அந்தப் பக்கம் நிக்கணும்னு கேட்ட?"

"கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு எங்க நிக்கறான், எந்தக் கயித்த இழுக்கறான், எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப அறைய விட்டுடப் போறியா?"

"விடறதா? செத்தாலும் விடமாட்டேன்." கோழியை ஒரு வாய் தின்றாள். "பக்கத்து மாவட்டத்துல பழைய பள்ளிக்கூடத்துல ஒண்ணு போட்டிருக்காங்க. இன்னிக்கு ஏழு மணிக்குத் தெறக்கறாங்க. நீயும் வர்ற."

"நான் எதுக்கு?"

"அன்னிக்கு நீ நெஜமா கத்துனியா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அதுக்கு உன்னோட நெஜக் கத்தல நான் ஒரு தடவ கேக்கணும்."

போனோம். மூன்றாவது அறையில் தலையில்லாத ஒருவன் மேலேயிருந்து தொங்கி வந்தபோது நான் கத்தினேன். பக்கத்தில் அவளும் கத்தினாள், கத்திக்கொண்டே சிரித்தாள். வெளியே வந்ததும், அன்றைக்குக் கத்தியது மாதிரியே இருந்ததா என்று கேட்டேன். 

"இல்ல. இது வேற" என்றாள்.

இரண்டில் எது நிஜம் என்று கேட்டேன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, மறுபடியும் போய் வரிசையில் நின்றாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன்.