சங்கையா காருக்கு ஊற்றிய எண்ணெய்

குமுளியில் சங்கையாவின் காரில் ஏறாத ஏலக்காய் வியாபாரி கிடையாது. ஏறாத ஒரே ஆள் அவர் பெண்டாட்டி அழகுத்தாய். கம்பத்திலிருக்கும் தாய்வீட்டுக்கு மலையிறங்க அவளுக்கு மாட்டுவண்டிதான். கயிற்றை இழுத்தால் மாடு நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணெய் விட்டால் சக்கரம் ஓடும் என்றுதான் கேள்வி, உங்கள் கார் மட்டும் எண்ணெயால் நிற்கிறதாமே என்பாள். ஊரையே ஏற்றி இறக்கும் சங்கையாவுக்கு இது பெரிய மானக்கேடு. அவளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கம்பம் கடைத்தெருவில் போகவேண்டுமென்று மனிதர் உள்ளூர ஏங்கிக்கொண்டிருந்தார்.

கார், எஸ்டேட் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்றது. பிரேக்கை மிதித்தால் குழாயிலிருக்கும் எண்ணெய் அழுத்திச் சக்கரங்களைப் பிடிக்கும். அந்த மார்கழியில் கம்பத்துக்கு வந்த இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்து எண்ணெயெல்லாம் ஒழுகிவிட்டது. வாஷரை அங்கேயே மாற்றிவிட்டார். எண்ணெய் டின் மதுரையிலிருந்து வரவேண்டும். இஞ்சின் எண்ணெய் ரப்பரை உப்பவைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். காரில் வந்திருந்த எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அமிர்தநாதன், டின்னில் இருப்பதே விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும்தான், நானே கலந்து தருகிறேன் என்றார். என் காருக்குப் பேதி மருந்தா என்று சங்கையா சிரித்தார். கொஞ்சம் தலைக்கனம் உள்ளவர்தான், நல்லவர் என்பதற்காக மறைப்பானேன். கடைத்தெருவில் தேங்காயெண்ணெய் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அதையே வாங்கி ஊற்றினார். பிரேக்கும் பிடித்தது, சாயங்காலம் குமுளி வந்து சேர்ந்தார்கள்.

அழகுத்தாயின் தங்கைக்கு மறுநாள் கம்பத்தில் வளைகாப்பு. வழக்கமான வண்டிக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல், காரில் வருகிறேன் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். சங்கையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் எழுந்ததும் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கல்லாக நின்றது. இத்தனை நாளில் இவ்வளவு உறுதியாக நின்றதே இல்லை என்று பூரித்துப்போய், அவளைக் கூப்பிட அடுப்படிக்குப் போனார். அவள் தலைவார உட்கார்ந்திருந்தாள். தேங்காயெண்ணெய்ப் புட்டி வெள்ளையாக உறைந்துகிடந்தது; அதை அடுப்போரம் வைத்து இளக்கிக்கொண்டிருந்தாள்.

சங்கையா புட்டியையே பார்த்தார். மலைக்காரர் வீட்டில் மார்கழி முழுக்க நடக்கிற காரியம், காருக்கு ஊற்றும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை. சக்கரம்வரை அழுத்தம் போகாமல் குழாய்க்குள் உறைந்து கிடந்ததைத்தான் உறுதி என்று மெச்சியிருக்கிறார். அப்படியே மலையிறங்கியிருந்தால் முதல் வளைவிலேயே கதை முடிந்திருக்கும்.

வெயில் ஏறட்டும், இளகிவிடும், சொல்லாமல் ஓட்டிப் போய்விடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் இந்த ஜென்மத்தில் அவள் ஏறமாட்டாள். ஆனால் மரநிழலில் மறுபடி உறைந்தால்? அவள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் அதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

"இப்ப ஏற வேணாம் அழகு. தப்பான எண்ணெயை ஊத்திப்புட்டேன். பிரேக்கு பிடிக்காது," என்றார்.

சங்கையா ஆஸ்பத்திரிக்குப் போய் அமிர்தநாதன் முன்னால் நின்றார். அவர் வயிறு குலுங்கச் சிரித்து முடித்துவிட்டுத்தான் வந்தார். இருவருமாகப் பழையதை இளக்கி வடித்து, ஸ்பிரிட்டால் குழாயைக் கழுவி, விளக்கெண்ணெய்க் கலவையை ஊற்றினார்கள். சங்கையா தனியாகச் சரிவில் ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கார் சொன்னபடி கேட்டது.

வீட்டுமுன் காரை விட்டுவிட்டுக் கைகழுவப் போனார். அவளைக் கேட்கத் தைரியமில்லை. திரும்பி வந்தபோது அழகுத்தாய் வளையல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா பிடிக்கும், நல்லா பிடிக்கும்னு ரெண்டு வருசமாச் சொன்னீங்க, நம்பல," என்றாள். "பிடிக்காதுன்னும் உங்க வாய் சொல்லும்னு இன்னைக்குத்தேன் தெரிஞ்சது. எடுங்க."

மலையிறங்கும்வரை வளைவுக்கு வளைவு அவளும் காலை ஊன்றி மிதித்துக்கொண்டே வந்தாள். கம்பம் கடைத்தெருவில், தேவையே இல்லாமல், சங்கையா ஒருமுறை காரை நிறுத்திக் காட்டினார்.